எழுபதடி வயர்

இழுத்தால் வர வேண்டும். வராவிட்டால் விட்டுக்கொடுத்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி இழுக்க வேண்டும். பலத்தைக் காட்டக் கூடாது. இவ்வளவுதான் வேலை, இதற்குப் படிப்பு வேண்டாம், எனக்கு அது இல்லவும் இல்லை. தோணியின் பின்பக்கம், தண்டல் நின்று ஓட்டுகிற அறையில், பழைய எக்கோ வயரின் நுனியோடு புது வயரின் நுனியைச் சேர்த்துக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். இங்கே முன்பாய்மரத்தின் அடியில், காலியான சரக்குக் கிடங்கின் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து பழையதை இழுக்கிறேன். பழையது என் மடிக்கு வர வர, புதுசு அது கிடந்த தடத்திலேயே பலகைக்குப் பின்னால் நகர்ந்து வரும். எழுபது அடி. வழியில் பதினேழு வங்கு, விலா எலும்பு மாதிரி வளைந்த மரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு துளை, ஒவ்வொரு துளையும் என் வீட்டுக்காரர் போட்டது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் போட்டது. ஆடிக் காற்றுக்குத் தோணியைக் கரையேற்றி முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள், ஆனாலும் காற்று அடிக்கும்போது முழு மரமும் லேசாக முனகுகிறது. மீன் எண்ணெய் நாற்றம், குங்கிலிய நாற்றம், எப்போதோ அழுகிய வெங்காயத்தின் நாற்றம். மூன்று முழம் வந்துவிட்டது. பூக்காரி மாதிரி முழம் போட்டு எண்ணுகிறேன், அடிக்கணக்கு எனக்குக் கைக்கு வராது. நாற்பத்தாறு முழம் வந்தால் வேலை முடிந்தது. ஆனால் எனக்கு நாற்பத்தாறைப் பற்றிக் கவலை இல்லை. இருபதைப் பற்றித்தான் கவலை. இருபதாவது முழத்தில் ஒரு ஜாயிண்ட் இருக்கிறது. “என்ன மைனி, தூங்கிட்டீங்களா?” என்று பின்னாலிருந்து இஞ்ஞாசி கத்துகிறான். அந்தக் கோடியில் புது வயரைச் சிக்கில்லாமல் உள்ளே விட்டுக்கொண்டிருப்பவன் அவன்தான். “தூங்கல, நீ பாத்து வுடு” என்கிறேன். “பாத்துத்தான் வுடுதேன். ஒங்க வீட்டுக்காரரு போட்ட ஜாயிண்டு வந்தா எனக்கும் காட்டுங்க. எம் மொழங்கால அதுக்கு அறிமுகப்படுத்தி வைக்கணும்.” சொல்லிவிட்டு அவனே சிரிக்கிறான். நானும் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் போடுகிறேன். போடாவிட்டால் கோபம் என்று நினைத்துக்கொள்வான்.

அவன் முன்பெல்லாம் கஸ்பார் அண்ணன் என்று சொல்வான். ரெண்டு வருஷமாக ஒங்க வீட்டுக்காரரு. இந்தப் பரலோக ராணி தோணியில் பதினோரு வருஷம் போய் வந்தவன், பாய் ஏற்றுவதில் அவனை மாதிரி ஆள் இல்லை என்று தண்டல் தொபியாஸே சொல்வார். வெங்காயம் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போன போது, பட்டப்பகலில், ஒரு தீவு வாயிலில் பாறை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது தோணி. ஒரு பாகம் என்றால் ஆறடி, எட்டுப் பாகம் தண்ணீர் இருக்கிறது என்று எக்கோ காட்டியதாம். தண்ணீரின் ஆழத்தைச் சொல்கிற பெட்டி அது, அதை நம்பித்தான் தண்டல் உள்ளே விட்டார். அடியில் ரெண்டு பாகம்கூட இல்லை. எப்போதோ காட்டிய எட்டையே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. மோதிய அதிர்ச்சியில் மேலே பாய் கட்டுகிற பருமல் மரம் அறுந்து விழுந்து இஞ்ஞாசியின் இடது காலை நசுக்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது கரையில் உட்கார்ந்து பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்துப் பார்க்கிறான், கையாள் வேலை இருந்தால் இப்படி வருகிறான். தோணியை மீட்டுக் கொண்டுவந்த பிறகு முதலாளி ஆபீசில் எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். பெட்டியைச் சோதித்தவன் பெட்டி நன்றாக இருக்கிறது, வழியில் வயர்தான் கெட்டிருக்கிறது, ஜாயிண்ட் எதுவும் இருக்கிறதா என்று கேட்டான். என் வீட்டுக்காரர் எழுந்து, “ஒரு ஜாயிண்டு இருக்கு, நான்தான் போட்டேன்” என்றார். அன்றைக்குப் பிறகு இவர் எந்தத் தோணியிலும் ஏறவில்லை, ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை. வீட்டு முன்னறையில் மிக்ஸியும் பேனும் பழுது பார்க்கிறார். நான் சும்மா இருந்தேனா? இல்லை. அவசரத்துல வேலை பாத்தீங்க, ஒரு மனுஷன் காலு போச்சு, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் கோயிலுக்குப் போவேன் என்று எத்தனை நாள் கேட்டிருக்கிறேன். குழம்பு ஊற்றும்போது கேட்டிருக்கிறேன். துணி மடிக்கும்போது கேட்டிருக்கிறேன். அவர் திருப்புளியை ஊதிவிட்டு அடுத்த திருகாணியைக் கழற்றுவார். எட்டு முழம். ஒன்பது.

ரெண்டு வருஷம் எக்கோ இல்லாமலே ஓட்டிவிட்டு, இந்தத் தடவை புதுப் பெட்டிகள் வைக்கிறார்கள், எக்கோ, ஜிபிஎஸ், பக்கத்துக் கப்பலைக் காட்டுகிற பெட்டி ஒன்று. வெளியூரிலிருந்து வந்த ஆள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்பலகை முழுக்கப் பிரித்தால்தான் வயர் போகும் என்று சொல்லிப் போய்விட்டான். பிரித்தால் ஒரு மாசம், அதற்குள் சீசன் தொடங்கிவிடும், பழைய பலகை பிரித்தால் மறுபடி சேரவும் சேராது. அதனால் தொபியாஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, “அண்ணே, பழைய வயர வச்சே புதுச இழுத்துரலாமா?” என்று கேட்டார். இவர் தலையைத் தூக்காமல், “இழுக்கலாம். இவளக் கூட்டிட்டுப் போ. இவளுக்குத்தான் தெரியும்” என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. போகப் பயந்துகொண்டு என்னைத் தள்ளிவிடுகிறாரே என்று. காலையில் சாப்பாட்டைக் கட்டாமல் கிளம்பும்போதுகூட அதைத்தான் முணுமுணுத்தேன், மத்தியானம் வந்து சாப்பிட்டுக்கிடுதேன், ரெண்டு பேருக்குச் சோறு வடிச்சு வச்சிருக்கேன், சாளைக் குழம்பு சட்டியில இருக்கு, எடுத்துச் சாப்பிடத் தெரியுமா, அதையும் நான்தான் வந்து செய்யணுமா. அவர் வாசல் வரைக்கும் வந்தார். வந்து, “இருபது மொழத்துல பாத்து இழு” என்றார். அவ்வளவுதான். இருபது என்று அவருக்கு எப்படி அவ்வளவு சரியாகத் தெரிந்தது. போட்டவருக்குத் தெரியாதா. தெரியும். அதில் என்ன இருக்கிறது. பதினோரு முழம்.

கை வலிக்கிறது. இடது கை. இழுப்பதெல்லாம் இடது கையால்தான், வலது கை சும்மா சுருட்டி வைப்பதற்கு. ஏழாம் வகுப்பில் சிஸ்டர் என் இடது கையை ரிப்பனால் பெஞ்சுக் காலோடு கட்டி வைத்தார், வலது கையால் எழுதப் பழகட்டும் என்று. எழுத்து கோழி கிளறின மாதிரி வந்தது. அதோடு பள்ளிக்கூடம் போதும் என்று நானே நின்றுவிட்டேன். மோட்டார் காயில் சுற்றுகிற கடையில் சேர்த்துவிட்டார்கள், அங்கே யாரும் கையைக் கட்டவில்லை. ஒரே பெஞ்சில் இடது கோடியில் உட்கார்ந்து சுற்றும்போது என் கை மட்டும் மற்றவர்கள் கைக்கு எதிர்ப்பக்கம் போகும், இடிக்காது, வசதி என்று கடைக்காரர் சொன்னார். அந்தக் கடைக்குக் காயில் வாங்க வந்தவர்தான் இவர். கல்யாணத்துக்குப் பிறகு இவரோடு தோணிகளுக்குப் போக ஆரம்பித்தேன். நான் ஒல்லி, இண்டு இடுக்கில் நுழைந்துவிடுவேன். நான் டேப் சுற்றினால் இவர் சிரிப்பார். “ஒன் டேப்பப் பிரிக்க ஒன்னயத்தான் கூப்பிடணும், எங்க கைக்கு வழுக்குது” என்பார். பதினாலு முழம், நின்றுவிட்டது. இழுக்கிறேன், வரவில்லை. “ஏ இஞ்ஞாசி, வுடு வுடு.” “வுட்டுத்தான் இருக்கு.” “கொஞ்சம் பின்னால வாங்கு.” அவன் பின்னால் வாங்குகிறான், நான் விட்டுக்கொடுக்கிறேன், உள்ளே எங்கேயோ வங்குத் துளையில் எதுவோ தடித்து நிற்கிறது. ஜாயிண்ட்தான். துளைக்குள் நுழைய மாட்டேன் என்கிறது. பலமாக இழுத்தால் ஜாயிண்ட் பிரிந்துவிடும், பிரிந்தால் பாதி வயர் உள்ளேயே செத்துக் கிடக்கும், புதுசு அங்கேயே நின்றுவிடும், பலகையைப் பிரிக்க வேண்டியதுதான். அப்போது எல்லோரும் சொல்வார்கள், கஸ்பார் போட்ட ஜாயிண்டு ரெண்டு தடவ தோணியக் கெடுத்துச்சு என்று. மாதாவே, அதை மட்டும் சொல்ல வைக்காதே. சால்டர் வைத்த ஜாயிண்ட் என்றால் பயமில்லை, ஈயம் பிடித்தால் ஆளைக் கட்டித் தொங்கவிடலாம். சால்டர் வச்சியா. இது எங்கிருந்து வந்தது. சால்டர் வச்சியா என்று இவர் கேட்ட குரல். எந்தத் தோணியில் கேட்டார். எத்தனையோ தோணி, எத்தனையோ தடவை கேட்டிருப்பார், பெரிய தோணி, சின்ன தோணி, எல்லாவற்றிலும் கேட்பார்.

பொறுத்துப் பார்ப்போம். ஒரு நிமிஷம் விடு. வயருக்கும் மூச்சு வேண்டும் என்று இவர் சொல்வார். எங்கள் மகள் ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல் வந்தது இந்தத் தோணி வேலை நடந்தபோதுதான். நாலாம் வகுப்பு. டீக்கடை போனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு, பிள்ளை வாந்தி எடுக்கிறாள், வந்து கூட்டிப் போங்கள் என்றார்கள். டீக்கடைக்காரர் கரையிலிருந்து கத்தினார். நான் ஓடினேன், சேலையெல்லாம் மீன் எண்ணெய், அப்படியே ஓடினேன். பிள்ளை நெற்றி அடுப்புக் கல் மாதிரி கொதித்தது. அது நன்றாக நினைவிருக்கிறது. ஆட்டோவில் என் மடியில் வாந்தி எடுத்தது, டிரைவர் திட்டியது, அவளுடைய ஒரு ஷூ காணாமல் போனது, எல்லாம். ஓடுவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தேன். அது வரவில்லை. அதுவும் துளையில் தடித்து நிற்கிறது. இவர் எங்கே இருந்தார் அப்போது. கீழே ஆணி வாங்கப் போயிருந்தார். அப்போது மேலே யார் இருந்தது. “மைனி, எண்ண தடவி வுடட்டுமா?” என்கிறான் இஞ்ஞாசி. “தடவி வுடு. புதுசுல தடவாத, தொளை வாயில நாலு சொட்டு வுடு.” “நாலு சொட்டு போதுமா? தலைக்குத் தேய்க்கிற அளவுக்கு வச்சிருக்கேன்.” எண்ணெய் அவ்வளவு தூரம் போகாது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏதாவது செய்துகொண்டிருந்தால் நல்லது என்று ரெண்டு பேரும் செய்கிறோம். நான் வயரை இழுக்காமல், விரல் நுனியில் பிடித்து முறுக்குகிறேன், உருட்டுகிறேன். வலப்பக்கம் உருட்டினால் பிடிக்கிறது. இடப்பக்கம் உருட்டினால் வழுக்குகிறது. இடப்பக்கம் உருட்டிக்கொண்டே இழுக்கிறேன், வருகிறது, ஒரு விரல்கடை, ரெண்டு விரல்கடை, தொண்டையிலிருந்து முள் இறங்குகிற மாதிரி சட்டென்று வந்துவிடுகிறது. பதினைந்து. “வந்துட்டா?” “வந்துட்டு.” “ஆத்தாடி, ஒரு டீ வாங்கித் தரணும் நீங்க.” பதினாறு, பதினேழு. ஏன் இடப்பக்கம் உருட்டினால் வழுக்கியது. டேப்பின் விளிம்பு அந்தப் பக்கம் படிந்திருந்தால்தான் அப்படி வழுக்கும். பதினெட்டு. இழுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். இழுக்காமல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும். பத்தொன்பது.

வந்துவிட்டது. பலகை ஓரத்தில் இருக்கிற துளையிலிருந்து எட்டிப் பார்த்து, வெளியே வந்து, என் மடியில் விழுந்தது. கறுப்பு டேப், கட்டை விரல் நீளம், சுண்ணாம்பு பூத்திருக்கிறது. நெருக்கிச் சுற்றிய டேப். நுனியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. இந்த ஊரில் எந்த வயர்மேனும் அப்படிச் சுற்ற மாட்டான். இடது கைக்காரி சுற்றியது. என் கை. மடியில் கிடக்கிற அதைப் பார்க்கிறேன், பார்த்ததும் எல்லாம் வந்துவிட்டது, ஜாயிண்ட் வந்த பிறகு வயர் ஓடி வருகிற மாதிரி. கரண்ட் போயிருந்தது. சால்டர் கம்பி சூடாகவில்லை. கரண்ட் வரட்டும் என்று முறுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன், டீக்கடைக்காரர் கத்தினார், சும்மா விட்டுவிட்டுப் போனால் உப்புக் காற்று பட்டுவிடும் என்று டேப்பைச் சுற்றிப் பலகைக்குப் பின்னால் தள்ளிவிட்டு ஓடினேன். நாளைக்குப் பிரித்து சால்டர் வைத்துக்கொள்ளலாம். மறுநாள் போகவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் போனபோது இவர் எல்லாப் பலகையையும் அடித்து முடித்திருந்தார். கடைசி ஆணியை அடித்துக்கொண்டே கேட்டார், சால்டர் வச்சியா. பலகை அடித்தாகிவிட்டது. பிரிக்கச் சொல்ல வேண்டும், இவர் பல்லைக் கடிப்பார், ஒரு நாள் வேலை வீணாகும். வச்சேன் என்றேன். ஒரே வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். பன்னிரண்டு வருஷம் அந்த டேப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது, உள்ளே செம்பு பச்சை பூத்து அரித்துப் போகும்வரை. இப்போது நான் இழுத்ததைத் தாங்கினதும் டேப்தான். விரலால் அமுக்கினால் உள்ளே நறநறவென்கிறது.

“மைனி, இழுக்கலியா?” இழுக்கிறேன். இழுத்துத்தான் ஆக வேண்டும், இன்னும் இருபத்தாறு முழம் இருக்கிறது. ஜாயிண்டை வெட்டித் தூர எறியலாம் என்றால் இப்போது இழுப்பதை நிறுத்தினால் இஞ்ஞாசி மறுபடி கத்துவான், அது பாட்டுக்கு என் மடியில் கிடக்கிறது. இருபத்திரண்டு. எல்லாம் வந்து முடிந்த பிறகு வெட்டி இடுப்பில் சொருகிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது. இஞ்ஞாசி கேட்டால் உள்ளேயே உதிர்ந்துவிட்டது என்று சொல்லலாம். ஒரே வார்த்தை, அதே மாதிரி. இருபத்தைந்து. இவருக்குத் தெரியும். ஆபீசில் எழுந்து நின்றபோதே தெரியும். நடுவில் ஒரு ஜாயிண்ட், அதைப் போட்டவள் நான், சால்டர் வைத்தேன் என்று சொன்னவளும் நான், இவ்வளவும் தெரிந்துதான் நான்தான் போட்டேன் என்றார். சரி, பெண்டாட்டியைக் காட்டிக்கொடுக்க மனசில்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் நான் குழம்பை ஊற்றிக்கொண்டே திட்டியபோது சொல்லியிருக்கலாமே. ஒரு தடவை சொல்லியிருக்கலாம், அது நீ போட்டதுடி என்று. நானும் வாயை மூடியிருப்பேன். அவர் திருப்புளியை ஊதினார். முப்பது. முப்பத்தொன்று. இன்றைக்கு அவரே வந்திருந்தால் இந்தக் கறுப்புத் துண்டை யாருக்கும் தெரியாமல் வெட்டிக் கடலில் போட்டிருக்கலாம், நான் சாகிறவரை தெரியாமலே அவரைத் திட்டிக்கொண்டிருந்திருப்பேன். வரவில்லை. இவளுக்குத்தான் தெரியும் என்றார். இருபது முழத்தில் பார்த்து இழு என்றார். நான் முதலில் பார்க்கட்டும் என்று அனுப்பினாரா, போதும் இனி நீ சும என்று அனுப்பினாரா. கேட்டால் சொல்வாரா. நாற்பது. நாற்பத்துநாலு. புது வயரின் நுனி எட்டிப் பார்க்கிறது, சாம்பல் நிறம், புத்தம் புதுசு, குழந்தை விரல் மாதிரி. வந்துவிட்டது. “இஞ்ஞாசி, வந்துட்டு!” என்று கத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “இங்க வா. அந்த ஜாயிண்டப் பாக்கணும்னியே.”

கட்டை, கால், கட்டை, கால். பக்கக்கட்டையை ஊன்றிக் கிடங்கின் நீளமும் நடந்து வந்தான். அவன் வருவதற்குள் நான் இடது கையால் புது வயரைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஜாயிண்டின் ரெண்டு பக்கமும் ஒரு சாண் விட்டு வெட்டி வைத்திருந்தேன். கையில் வாங்கினான். மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான், பஞ்சு திணிக்கிறவனுக்குப் பொருளை அப்படித்தான் பார்க்கத் தெரியும். டேப்பின் விளிம்பை நகத்தால் பிரிக்கப் பார்த்தான், வழுக்கியது. மறுபக்கம் பிரித்தான், வந்தது. உள்ளே இருந்த பச்சைப் பொடி அவன் உள்ளங்கையில் கொட்டியது. “இது எடக்கையில்லா” என்றான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். “சால்டரே இல்ல.” “இல்ல. வச்சேன்னு அவுககிட்டப் பொய் சொன்னேன். நான் மறந்தே போயிட்டேன் இஞ்ஞாசி. சத்தியமா மறந்து போயிட்டேன்.” அவன் பக்கக்கட்டையைத் தூக்கிப் பலகையில் ஓங்கி ஒரு அடி அடித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். காலுக்காக அடித்தானா, என்னை அடிக்க முடியாததற்கா, தெரியவில்லை. அந்தச் சத்தம் கிடங்கு முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. அப்புறம் மெதுவாகக் கேட்டான், “கஸ்பார் அண்ணனுக்குத் தெரியுமா?” ரெண்டு வருஷத்துக்குப் பிறகு அண்ணன். “தெரியும். மொதல்லருந்தே தெரியும்னுதான் நெனைக்கேன்.” “கோயில்ல எதுக்க வந்தாவ, மூஞ்சத் திருப்பிட்டுப் போனேன். ரெண்டு பெரியநாளு. எம் பொண்ணு சடங்குக்கு ஊரயே கூப்பிட்டேன், ஒங்க வீட்ட மட்டும் தாண்டிப் போனேன்.” “நானும் வீட்டுல வச்சித் திட்டினேன்” என்றேன். “அது ஒங்க பாடு” என்றான். சரிதான், அது என் பாடு. அவன் பச்சைப் பொடியைச் சட்டையில் துடைத்தான், ஜாயிண்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டான். “ஒங்ககிட்ட என்ன சொல்லணும்னு எனக்கு இப்பத் தெரியல மைனி. பொறவு சொல்லுதேன். அண்ணன் வீட்டுலதான இருக்காவ?” “இரு, நானும் வாரேன்.” “எங்க வாறீங்க? வயர வுட்டீங்கன்னா உள்ள ஓடிரும். பிடிங்க.”

அவன் சொன்னது சரி. கிளிப் அடித்து நிறுத்தும்வரை விட முடியாது, எழுபதடி வயரின் கனம் கையைப் பின்னால் இழுக்கிறது. கிடங்கிலிருந்து மேலே ஏறி, வெளி ஏணியில் அவன் இறங்குகிற சத்தம் கேட்கிறது. கட்டை, கால், கட்டை, கால், அப்புறம் மணல், மணலில் சத்தம் இல்லை. இங்கிருந்து எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிஷம், அவன் நடைக்கு இருபது. முன்னறையில் அவர் மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாசலில் இவன் நிற்பதைப் பார்த்ததும் என்ன நினைப்பார். அடிக்க வந்திருக்கிறான் என்று நினைப்பாரோ. கையில் திருப்புளி இருக்கும். இவன் பையிலிருந்து அதை எடுத்து மேஜை மேல் வைப்பான். அவர் பார்ப்பார், பார்த்துவிட்டு என்ன சொல்வார், அவருக்கு என்ன சொல்லத் தெரியும். சாப்பிடுறியா என்று வேண்டுமானால் கேட்பார். மணி பன்னிரண்டரை ஆகியிருக்கும். ரெண்டு பேருக்குத்தானே சோறு வடித்து வைத்தேன். என் பங்கு இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுக்கலாம். சாளைக் குழம்பு அவனுக்குப் பிடிக்கும், முன்பெல்லாம் சட்டியை வழித்துச் சாப்பிடுவான். ஆனால் தட்டு எங்கே இருக்கிறது என்று இவருக்குத் தெரியுமா. மேல் அலமாரியில், அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.